92 சிசி பழைய மெஷினை வாங்கலாமா: ஏற்காட்டுத் தோட்டக்காரருக்கு ஒரு பதில்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். நாகலூர்ப் பக்கம் எட்டு ஏக்கர் காப்பித் தோட்டம். நிழலுக்குச் சில்வர் ஓக், அவற்றின்மேல் மிளகுக்கொடி. கையில் ஏற்கெனவே 45 சிசி மரம் அறுக்கும் மெஷின் ஒன்று, 18 அங்குலப் பாருடன் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) இருக்கிறது. போன மழைக்காலத்தில் இரண்டு பலாமரங்கள் சாய்ந்துவிட்டன. பெரியதன் அடிமரம் 34 அங்குலக் குறுக்களவு, சிறியது 26 அங்குலம். அவற்றைப் பலகையாக அறுத்துக் குடோனுக்குக் கதவும் பரணும் செய்ய எண்ணுகிறீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் ஸ்டில் நிறுவனத்தின் 92 சிசி எம்.எஸ். 660 மெஷினை, 36 அங்குலப் பாருடன், ஆறு வருடப் பழையது, அதிகம் ஓடாதது என்று சொல்லி 48,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா, வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் எழுதியிருக்கும் வேலைக்கு இந்த மெஷின் தேவையில்லை என்பதே என் பதில். அதோடு நிறுத்திக்கொள்ளாமல் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஆண்டுதோறும் விழும் மரங்களைத் தோட்டத்திலேயே பலகையாக்கிக்கொள்ள முடிவு செய்தால் என் பதில் மாறிவிடும். அப்போது இந்த மெஷின் நல்ல தேர்வாகக்கூட இருக்கலாம். அடிவாரத்தில் இருபது ஆண்டுகளாக இத்தகைய மெஷின்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், இரண்டு வழிக்கும் உதவும்படி எழுத முயல்கிறேன்.

முதலில் உங்கள் வேலையை எண்ணிப் பார்ப்போம். ஏற்காட்டுத் தோட்டங்களில் நான் பார்த்த சில்வர் ஓக்கில் பெரும்பாலானவை ஒன்றரை அடிக் குறுக்களவுக்குள் அடங்குபவை. நன்கு முதிர்ந்தவை இரண்டடியைத் தொடும். பாரின் நீளத்தைவிடத் தடித்த மரத்தை அறுக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. இரு பக்கமிருந்தும் முறையாக அறுக்கத் தெரிந்தவர் 18 அங்குலப் பாரை வைத்து 30 அங்குல மரத்தைச் சாய்த்துவிடுவார். வேகம் குறையும், அவ்வளவுதான். ஆகவே நிழல் குறைக்கவும், பட்ட மரம் எடுக்கவும், விறகு துண்டிக்கவும் உங்களிடம் இருக்கும் மெஷினே போதும். அது திணறுகிறது என்று தோன்றினால் 60 முதல் 70 சிசிக்குள் ஒன்றை 20 அல்லது 24 அங்குலப் பாருடன் வாங்குவதுதான் அடுத்த படி. 45-லிருந்து ஒரே தாவலில் 92-க்குப் போவதற்கு மரம்தான் காரணமாக இருக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அத்தகைய மரம் அந்த இரண்டு பலா மட்டுமே.

அந்த இரண்டையும் கணக்கிடுவோம். 34 அங்குலக் குறுக்களவு என்றால் சுற்றளவு 107 அங்குலம் வரும். மரக்கடைக்காரர்களின் கணக்குப்படி சுற்றளவில் கால்பங்கைப் பெருக்கிப் பார்த்தால், எட்டடிக் கட்டை ஒன்று ஏறக்குறைய 40 கன அடி. சிறிய மரத்தில் அதே நீளக் கட்டை 23 கன அடி. பலா போன்ற மரத்தில் இவ்வளவு அகலத்தை 92 சிசி மெஷினைக் கொண்டு நெடுக்காக அறுக்கும்போது அடிக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். பெரிய கட்டையை இரண்டங்குலப் பலகையாக்க 14 அறுப்புகள் வரும். அறுப்புக்கு எட்டு நிமிடம் என்றால் எஞ்சின் இரண்டு மணி நேரம் முழு இழுப்பில் ஓடும். நடுவே செயின் தீட்டுவதையும், கட்டையைப் புரட்டுவதையும், ஆப்பு வைப்பதையும் சேர்த்தால் இரண்டு மரத்துக்கும் மூன்று நாள் போகும். நான்காவது நாளிலிருந்து அந்த மெஷின் உங்கள் குடோனில் சும்மா கிடக்கும். மூன்று நாளைக்கு மெஷினும் ஆளும் சேர்த்து வாடகைக்கு அமர்த்தினால் 48,000-க்கு அருகில்கூட வராது.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்த அளவு மெஷினின் செயின் மரத்தில் ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர் அகலத்துக்குத் தூளாக்கிக்கொண்டே போகும். ஓரங்குலப் பலகை அறுத்தால் நாலில் ஒரு பங்கு மரம் தூளாகிவிடுகிறது என்று பொருள். மர அறுவை மில்லில் ஓடும் பட்டை ரம்பத்தில் இந்தச் சேதம் இரண்டு மூன்று மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஆகவே வண்டி வரும் இடத்தில் கட்டை கிடக்குமானால், வேண்டிய அனுமதிச் சீட்டோடு கீழே இறக்கிச் சேலத்திலேயே அறுத்து வருவது மரத்துக்கும் நல்லது, உங்கள் முதுகுக்கும் நல்லது. தோட்டத்திலேயே அறுப்பது கட்டையை வெளியே இழுக்க வழியில்லாத சரிவுகளுக்குத்தான் பொருந்தும். காப்பிச் செடிகளை மிதித்து நசுக்காமல் 40 கன அடிக் கட்டையை மேலேற்ற முடியாத சரிவு உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மேற்சொன்னதையெல்லாம் தாண்டி, வாங்கத்தான் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மெஷினுக்கு வருகிறேன். எம்.எஸ். 660 முன்பு 066 என்ற பெயரில் வந்தது. இப்போது அதன் இடத்தில் 661 இருக்கிறது. ஏறக்குறைய 92 சிசி, 5.2 கிலோவாட் திறன். பார், செயின் இல்லாமலே 7.3 கிலோ எடை. 36 அங்குலப் பாரும் செயினும் மாட்டிப் பெட்ரோலும் ஆயிலும் நிரப்பினால் பதினொரு கிலோவை நெருங்கும். பலகை அறுப்பதற்குச் சரியான எஞ்சின்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் பலகை ஒரே தடிமனில் வருவதற்காகக் கட்டையின் மேல் நகர்த்தும் சட்டகத்தில் மெஷினைப் பூட்டிய பிறகு 36 அங்குலப் பாரில் ஐந்தாறு அங்குலம் பிடிப்புகளுக்கே போய்விடுவதால், கிடைக்கும் அறுப்பு அகலம் 30 அங்குலம் அளவில்தான் இருக்கும். உங்கள் 34 அங்குல அடிமரம் அதில் நுழையாது. பக்கங்களைச் செதுக்கித்தான் நுழைக்க வேண்டும். இதை விற்பவர் சொல்லியிருக்கமாட்டார்.

பார்க்கப் போகும்போது மெஷினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். வாங்க ஆள் வருவது தெரிந்து முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பது பழைய வழக்கம். குளிர்ந்த நிலையில் எத்தனை இழுப்பில் எடுக்கிறது என்று பாருங்கள். பிறகு பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். தேய்ந்த எஞ்சின் குளிரில் எடுத்துவிடும், சூட்டில்தான் அடம்பிடிக்கும். இந்த இரண்டாவது இழுப்பைக் கேட்காமல் திரும்புகிறவர்களே அதிகம்.

எனக்கும் இந்தப் பாடம் காசு கொடுத்துத்தான் வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் 90 சிசி மெஷின் ஒன்றைப் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். கயிற்றை இழுத்தால் நல்ல இறுக்கம். கடைக்கு வெளியே பத்து நிமிடம் அருமையாக ஓடியது. இரண்டே வாரத்தில் தூங்குமூஞ்சி மரம் ஒன்றில் பாதி அறுப்பில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்கக் கோடு கோடாகக் கீறல்; பழைய கீறல்கள். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயிலை ஊற்றிவிட்டால் தேய்ந்த சிலிண்டரும் சற்று நேரத்துக்கு இறுக்கமாகத் தெரியும் என்பதை அதற்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

ஆகையால் கயிற்றின் இறுக்கத்தை மட்டும் நம்பாதீர்கள்; சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். இந்த மெஷினில் அது சில திருகுகளில் நிற்கிறது, பத்து நிமிட வேலை. கழற்றியதும் சிலிண்டரின் புகைவாய் வழியாகப் பிஸ்டனின் பக்கச்சுவர் தெரியும். கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தி டார்ச் அடித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் கடைந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தால் அது அதிகம் ஓடாத எஞ்சின். மேலும் கீழுமாக நெடுங்கோடுகளோ, அலுமினியம் இழுபட்டு ஒட்டிய தடமோ தெரிந்தால் ஆயில் குறைவாகவோ காற்று அதிகமாகவோ ஓடிச் சூட்டில் கீறியிருக்கிறது. அந்த மெஷினைப் பிஸ்டன், சிலிண்டர் மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். அதைவிட முக்கியமாக, ஏன் கீறியது என்று கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் கீறும். முடிந்தால் கார்புரேட்டர் பக்கமும் பாருங்கள். அந்தப் பக்கம் மட்டும் பிஸ்டன் மங்கிச் சொரசொரப்பாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் கிழிந்தோ சரியாக அமராமலோ தூளை உறிஞ்சியிருக்கிறது. பலகை அறுத்த மெஷின்களில் இது சாதாரணம், ஏனென்றால் நெடுக்கு அறுப்பில் வரும் தூள் மாவு போல மிருதுவானது.

அடுத்தது கம்ப்ரஷன் அளவு, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏற்றுகிறது என்பது. இங்கே நம் மலைக்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. இந்த அளவு எஞ்சின் நல்ல நிலையில் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டோ அதற்கு மேலோ காட்ட வேண்டும் என்று சொல்வார்கள். 120-க்குக் கீழே போனால் அது களைத்த எஞ்சின். ஆனால் சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. சேலத்தில் 150 காட்டும் அதே எஞ்சின் ஏற்காட்டில் 130 அளவில்தான் காட்டும். மேலே அளந்துவிட்டு எஞ்சின் போய்விட்டது என்று நல்ல மெஷினைக் கைவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மெஷினைச் செவ்வாய்ப்பேட்டையிலேயே அளப்பதால் 150 என்ற கணக்கையே கொள்ளலாம். அளக்கும் மீட்டரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நீண்ட ரப்பர் குழாய் கொண்ட கார் மீட்டரை மாட்டினால், திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பிளக் முனையில் இல்லாதபட்சத்தில், குழாயின் கொள்ளளவும் சேர்ந்து அளவு குறைவாகவே காட்டும். எளிதாக இழுப்பதற்கென்று சிலிண்டரில் ஒரு பொத்தான் இருக்கும். அளக்கும்போது அது மூடியிருக்க வேண்டும், த்ராட்டில் (முடுக்கி) முழுதாகத் திறந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் எண்ணுக்குப் பொருளில்லை.

சைலன்சரும் கம்ப்ரஷனும் நன்றாக இருந்தும் மெஷின் கெட்டதாக இருக்கும் வழி ஒன்று உண்டு: கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கிராங்க் ஆயில் சீலில் கசிவு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறையும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். சீல் காய்ந்து வெடித்தால் அவ்வழியே தனிக்காற்று நுழைந்து கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறையும், பிஸ்டன் கீறும். இதைக் காதால் பிடிக்கலாம். ஐடிலில் (முடுக்காமல்) ஓடவிட்டு மெஷினை இடம், வலம், மூக்கு கீழாக என்று சாய்த்துப் பாருங்கள். ஓட்டம் தானாக ஏறி இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். முடுக்கி விட்டதும் உடனே ஐடிலுக்கு இறங்காமல் சில விநாடி மேலேயே தொங்கினாலும் அதே சந்தேகம்தான். உறுதி செய்ய வேண்டுமானால் சிலிண்டரின் வாய்களை அடைத்துக் கைப்பம்பில் காற்றேற்றியும் உறிஞ்சியும் பார்க்க வேண்டும். நல்ல பட்டறையில் ஒரு மணி நேர வேலை. 48,000 போடும் இடத்தில் அந்தக் கூலியைப் பார்க்க வேண்டாம்.

மற்றவை சிறியவை. செயினை இழுத்துச் சுற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் செயின் பதிந்த பள்ளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் செயினும் கெடும். பாரின் தடங்கள் ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருக்கிறதா, முனைச் சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா என்று பாருங்கள். பாரின் முனையை வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்து முடுக்கினால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை என்றால் ஆயில் பம்பில் கோளாறு, 36 அங்குலப் பாருக்கு அது உயிர்நாடி. கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் அதிர்வுத் தாங்கி ரப்பர்கள் வெடித்திருப்பது தெரியும். வெடித்த ரப்பரோடு பலகை அறுத்தால் மாலைக்குள் விரல்கள் மரத்துவிடும். செயினைப் பொறுத்தவரை, 36 அங்குலத்துக்கு வரும் முழுச் செயினில் 57 வெட்டுப் பற்கள் இருக்கின்றன. எட்டில் மூன்றங்குலச் செயினுக்கு 5.2 மில்லிமீட்டர் உருண்டை அரம் வேண்டும். நெடுக்காக அறுக்கும் செயினைப் பத்து டிகிரி சாய்வில் தீட்ட வேண்டும், குறுக்காக அறுப்பதற்கான முப்பது டிகிரி அதற்கு ஆகாது. பழைய மெஷினோடு வரும் செயினை நான் எப்போதும் பூச்சியமாகவே மதிப்பிடுவேன். சேலத்துச் சாலையோரப் புளியமரம் ஒன்றை அறுத்த செயின் என்றால் கேட்கவே வேண்டாம். விளம்பரத் தகடும் கொடிக்கம்பியும் மாட்ட அடித்த ஆணிகளைப் பட்டை மூடி வளர்ந்திருக்கும், அவை உள்ளேயே இருக்கும்.

பிரேக்கைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாரின் முனையில் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி உதைக்கும். முன்கைக் காப்பு தள்ளப்பட்டுச் செயின் நிற்பதுதான் அப்போது உங்களுக்கு இருக்கும் ஒரே காப்பு. இந்த அளவு மெஷினில் செயின் விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பாதி முடுக்கத்தில் இடதுகை மணிக்கட்டால் காப்பைத் தள்ளிப் பாருங்கள், செயின் உடனே நிற்க வேண்டும். பிரேக் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு விற்கும் மெஷின்களும் உண்டு. இதே காரணத்தால், இன்னும் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது பழைய 070 மாதிரியைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 100 சிசிக்கு மேற்பட்ட வலுவான எஞ்சின்தான், சொல்லப்போனால் எளிதில் சாகாத எஞ்சினும்கூட. ஆனால் செயின் பிரேக் இல்லாத காலத்து வடிவமைப்பு அது. அனுபவமுள்ள ஆட்கள் அதை வைத்து வாழ்நாளெல்லாம் அறுத்திருக்கிறார்கள் என்பது உண்மை. அந்த ஆட்களின் இடதுகையையும் நான் பார்த்திருக்கிறேன்.

அசலா நகலா என்ற கேள்வியையும் நீங்கள் கேட்டாக வேண்டும். 660 மாதிரியை அச்சு அசலாக நகலெடுத்த சீன மெஷின்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன. உதிரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படியே செய்யப்பட்டவை. அதனால் முழு நகலை அசல் என்று விற்பது ஒருபுறமிருக்க, அசல் கிராங்க் அறையில் நகல் சிலிண்டர், நகல் கார்புரேட்டர், நகல் காயில் என்று கலந்து கட்டிய மெஷின்களும் வருகின்றன. கிராங்க் அறையில் பொறித்த வரிசை எண்ணைப் படமெடுத்து, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் காட்டிக் கேளுங்கள். எண் இருக்கும் இடம் அராவியோ தேய்த்தோ இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். அது நகல் என்பதைவிடத் திருட்டு மெஷினாக இருக்கக்கூடும் என்பதே என் கவலை. நகல் மெஷின் என்று தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்குவது தனிக் கதை. மூன்று நாள் வேலைக்கு அது தாங்கலாம், தாங்காமலும் போகலாம். பிரேக்கும், அறுந்த செயினைத் தடுக்கும் செயின் பிடிப்பானும் எப்படிப்பட்ட உலோகம் என்று தெரியாத மெஷினை என் பட்டறையில் வேலை செய்யும் பையன் கையில் நான் கொடுப்பதில்லை.

சேலத்தில் வாங்கி ஏற்காட்டில் ஓட்டுவதால் கார்புரேட்டர் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கீழே சரியாக வைத்த கலவை மேலே போனதும், காற்று மெலிந்திருப்பதால், பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். மெஷின் புகையும், இழுவை குறையும், பிளக் கறுக்கும். ஆனால் எஞ்சினுக்குக் கேடில்லை. உங்கள் ஆள் முழு வேகக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் 'எச்' திருகை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி ஓட்டத்தைக் கூர்மையாக்குவார், அதுவும் சரிதான். ஆபத்து வருவது மெஷின் திரும்பக் கீழே இறங்கும்போது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அயோத்தியாப்பட்டணம் பக்கம் உறவினர் ஒருவரின் புளியமரத்தை அறுக்க அதே திருகு நிலையில் முழு முடுக்கம் கொடுத்தால், அடர்ந்த காற்றில் கலவை வறண்டு, கூட வரும் ஆயிலும் குறைந்து, ஒரே அறுப்பில் பிஸ்டன் கீறிவிடும். மேலேயும் கீழேயும் மாறி மாறி வாடகைக்கு ஓடிய மெஷின்களில் கீறிய பிஸ்டன்களை நான் அதிகம் பார்ப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே விற்பவரிடம் எத்தனை வருடம் என்று கேட்பதைவிட, எங்கே ஓடியது, யார் கையில் ஓடியது, பலகை அறுத்ததா என்று கேளுங்கள். வருடக் கணக்கு எஞ்சினுக்குத் தெரியாது.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் சவ்வுகளையும் கெடுக்கும். ஆறு வருட மெஷினில் இவற்றை வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள், செலவு பெரிதில்லை. ஏற்காட்டு மழைக்காலத்தில் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். லிட்டருக்கு 20 மில்லி நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்பது நிறுவனத்தின் கணக்கு. அதை அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள். முழு இழுப்பில் ஒரு டேங்க் இருபது நிமிடத்துக்கு மேல் வராது என்பதால், பெரிய கட்டைக்கே ஆறு லிட்டர் வரை போகும்.

யார் ஓட்டப்போகிறார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. தோட்டத்தில் கவாத்துக்கு வரும் ஆள்தான் ஓட்டுவார் என்றால், 45 சிசியில் பழகிய கைக்கு இது வேறு விலங்கு. மெஷினைச் சட்டகத்தில் பூட்டித் தரையில் கிடக்கும் கட்டையைப் பலகையாக்குவது ஓரளவு பாதுகாப்பானது. பதினொரு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஈரச் சரிவில் நின்ற மரத்தைச் சாய்ப்பது அப்படியல்ல. தலைக்கவசம், காதடைப்பு, செயினைச் சிக்கவைத்து நிறுத்தும் நார் வைத்துத் தைத்த கால்சட்டை ஆகிய மூன்றையும் மெஷின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். நின்ற மரத்தை வெட்டுவதானால் மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, முன் அனுமதி வேண்டும். சாய்ந்த பலாவைக் கீழே இறக்குவதற்கு என்ன தாள் வேண்டும் என்பதையும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டே வண்டி பேசுங்கள்.

இனி விலை. பிஸ்டன்-சிலிண்டர் செட், கிராங்க் சீல்கள், 36 அங்குலப் பார், இரண்டு செயின், ஸ்ப்ராக்கெட் ஆகிய ஐந்துக்கும் அசல் விலையை விற்பனையாளரிடம் முதலில் எழுதி வாங்குங்கள். சைலன்சரைக் கழற்றிப் பார்த்துப் பிஸ்டன் சுத்தமாக இருந்தால் பார், செயின், ஸ்ப்ராக்கெட் விலையை மட்டும் 48,000-லிருந்து கழித்துப் பேசுங்கள். கீறியிருந்தால் ஐந்தையும் கழியுங்கள். எல்லாம் போட்ட பிறகு உங்களுக்கு ஆகும் மொத்தம் புது 661-இன் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால் புதியதைப் பாருங்கள், உத்தரவாதமும் கிடைக்கும். பக்கத்துத் தோட்டங்களைச் சேர்க்க முடியாமல் போனால் அந்தப் பேச்சே வேண்டாம். இரண்டு பலாவுக்கும் மெஷினோடு ஆளை அமர்த்திக்கொண்டு, மிச்சப் பணத்தில் 70 சிசி ஒன்றைப் பாருங்கள். விற்பவர் சைலன்சரைக் கழற்ற விடமாட்டேன் என்றால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காமல் மலையேறிவிடுங்கள். கழற்ற விட்டு, உள்ளே இருப்பது உங்களுக்குப் புரியவில்லை என்றால், டார்ச் வெளிச்சத்தில் பிஸ்டனைப் படமெடுத்து அனுப்புங்கள்; புகைவாய்ப் பக்கம் ஒன்று, கார்புரேட்டர் பக்கம் ஒன்று.